வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒரே பூச்சியா? போன்சாய்க்கு மருந்து அடிக்கும் முன் ஏரியூர் மரவள்ளியைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் காபியோடு பால்கனிக்குப் போகிறீர்கள். மூன்று வருடமாகக் கம்பி கட்டி, கிளை வெட்டி, பிள்ளை மாதிரி வளர்த்த இச்சி மர போன்சாய் அங்கே இருக்கிறது. அதன் கிளை பிரியும் இடத்தில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக ஏதோ தெரிகிறது. இலையைத் தொட்டால் பிசுபிசுப்பு. சில இலைகளின் மேல் கரி பூசியதுபோலக் கறுப்பு.

உடனே போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறீர்கள். ஐந்து நிமிடத்தில் ஏழு வைத்தியம் வந்துவிடும். ஒருவர் வேப்பெண்ணெய் என்பார். இன்னொருவர் ஷாம்பூ என்பார். மூன்றாமவர் உரக்கடையில் ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி வாங்கச் சொல்வார். ஆனால் "அது என்ன பூச்சி?" என்று யாருமே கேட்க மாட்டார்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? அதைத் தெரிந்துகொள்ள பால்கனியை விட்டுக் கொஞ்ச நேரம் தருமபுரி மாவட்டத்துக்குப் போய் வருவோம். உங்கள் தொட்டியில் இருக்கும் வெள்ளைப் பஞ்சின் உறவினர்கள் அங்கே பல ஏக்கர் பயிரைக் காய வைத்திருக்கிறார்கள்.

ஏரியூருக்கும் போன்சாய்க்கும் என்ன சம்பந்தம்?

பென்னாகரத்துக்குத் தெற்கே, மேட்டூர் அணையின் நீர்தேங்கும் பகுதியை ஒட்டி இருக்கிறது ஏரியூர். இந்தப் பக்கத்து முக்கியமான பயிர்களில் ஒன்று மரவள்ளி. ஊர்ப் பேச்சில் குச்சிக்கிழங்கு. ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் போகும் கிழங்கு இதுதான்.

தருமபுரி, சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மரவள்ளியை 15 வருடத்துக்குள் இரண்டு முறை வெள்ளைப் பூச்சி தாக்கியது. இரண்டுமே மாவுப்பூச்சி. இரண்டுமே வெளிநாட்டிலிருந்து வந்தவை. எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒன்றுக்கு வேலை செய்த வைத்தியம் இன்னொன்றுக்கு வேலை செய்யவில்லை.

முதலில் வந்தது பப்பாளி மாவுப்பூச்சி. பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. இந்தியாவில் 2008-ல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பெயரில்தான் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கொய்யா, செம்பருத்தி என்று அது எதையும் விடவில்லை. பார்த்தீனியம் போன்ற களைச் செடிகளில்கூடக் குடியிருந்தது. சில ஊர்களில் இதைக் கள்ளிப்பூச்சி என்றும் சொன்னார்கள்.

விவசாயிகள் மருந்து மேல் மருந்தாக அடித்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் அடங்கும், மறுபடி கிளம்பும். பட்டு வளர்ப்பவர்கள் பாடு இன்னும் மோசம். மல்பெரியில் மருந்து அடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு செத்துவிடும். அடிக்காவிட்டால் இலையே இருக்காது.

கடைசியில் தீர்வாக வந்தது எள்ளைவிடச் சிறிய ஒரு குளவி. பெயர் அசெரோபேகஸ் பப்பாயே. இந்த மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை வைக்கும். உள்ளே பொரிக்கும் புழு பூச்சியைத் தின்றே வளர்ந்து, பிறகு ஓட்டை போட்டுக்கொண்டு குளவியாக வெளியே வரும். 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து இது வரவழைக்கப்பட்டது. வரவழைத்தது பெங்களூருவில் உள்ள, இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்று அழைக்கப்படும் நிறுவனம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி மாநிலம் முழுக்க விநியோகித்தது. விட்ட இடங்களில் சில மாதங்களில் பூச்சி அடங்கியது.

அதே பூச்சி திரும்பி வந்ததா?

2020-ல் மரவள்ளியின் நுனிக் குருத்து மறுபடி சுருங்க ஆரம்பித்தது. கணுக்கள் நெருங்கி, இலைகள் கொத்தாகக் குவிந்து நின்றன. நடுவில் அதே வெள்ளை மாவு. "பழைய பூச்சிதான் திரும்பிவிட்டது, பழைய குளவியையே விடலாம்" என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் இது வேறு. இதன் பெயர் மரவள்ளி மாவுப்பூச்சி. பூர்வீகம் தென் அமெரிக்கா. அந்த வருடம் கேரளாவின் திருச்சூரில் முதலில் கண்டறியப்பட்டு, பிறகு தமிழ்நாட்டு மரவள்ளியிலும் பரவியது. பப்பாளி மாவுப்பூச்சியின் உடல் மஞ்சள் நிறம். இதன் உடல் இளஞ்சிவப்பு. மேலே மாவு மூடியிருப்பதால் துடைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இதில் ஆண் பூச்சியே தேவையில்லை. ஒரே ஒரு பெண் பூச்சி வந்து சேர்ந்தால் போதும், அது தனியாகவே ஒரு படையை உண்டாக்கிவிடும்.

2010-ல் காப்பாற்றிய குளவிக்கு இந்தப் பூச்சி இரையே இல்லை. இதற்கென்றே இருக்கும் அனாகைரஸ் லோபெசி என்ற வேறொரு குளவியை மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதை வெளியில் விட்டார்கள்.

இதே பூச்சி ஆப்பிரிக்காவில் இன்னும் பெரிய பாடம் சொல்லியிருக்கிறது. 1970-களில் அங்கே அது மரவள்ளியை அழித்தபோது, அதன் எதிரியைத் தேடி விஞ்ஞானிகள் அமெரிக்கக் கண்டத்துக்குப் போனார்கள். தென் அமெரிக்காவின் வடக்கே மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. அதுதான் இது என்று நினைத்து அதன் குளவிகளை எடுத்து வந்தார்கள். அவை ஆப்பிரிக்கப் பூச்சியின் மேல் பெருகவே இல்லை. காரணம், அது ஒன்றுபோலவே தெரிந்த வேறு இனம். 1981-ல் பராகுவேயில் சரியான பூச்சி கிடைத்தது. அதன் குளவி அதே வருடம் நைஜீரியாவில் விடப்பட்டு, வேலையும் செய்தது. அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

இத்தனை கதையும் எதற்கு என்றால், பூச்சியின் பெயர் தப்பினால் வைத்தியமும் தப்பும். கோடிக்கணக்கான மக்களின் சோற்றிலேயே நடந்த தவறு இது. நம் பால்கனியில் நடக்காதா?

சரி, என் போன்சாயில் இருப்பது எது?

மைக்ரோஸ்கோப் தேவையில்லை. போனில் இருக்கும் கேமரா ஜூம், ஒரு வெள்ளைத் தாள், உங்கள் நகம் போதும். பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இலையின் அடிப்பக்கம், கிளை பிரியும் கவட்டை, கட்டியிருக்கும் கம்பியின் அடியில், தொட்டியின் கீழே உள்ள ஓட்டை ஆகிய நான்கு இடங்களையும் பாருங்கள்.

மாவுப்பூச்சி: பஞ்சு போல வெள்ளைக் கூட்டம். தொட்டால் மாவு ஒட்டும், நசுக்கினால் ஈரம். கவட்டையும் கம்பி இடுக்கும் இதற்குப் பிடித்த இடம். செம்பருத்தி, அடீனியம், இச்சி எல்லாவற்றிலும் வரும்.

செதில் பூச்சி: மரப்பட்டையில் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன மொட்டு போல இருக்கும். நகராது. அதனால் பலர் இதை மரத்தின் பகுதி என்றே நினைத்துவிடுவார்கள். நகத்தால் சுரண்டுங்கள். மூடி போலக் கழன்று வந்து, கீழே பட்டை பச்சையாகத் தெரிந்தால் அது செதில் பூச்சி.

அசுவினி: இளம் துளிரில் பச்சை அல்லது கறுப்பு நிறத்தில் கூட்டமாக இருக்கும். துளிர் சுருளும்.

இலைப்பேன்: பெஞ்சமினா, இச்சி வகைகளில் இலை நடு நரம்போடு இரண்டாக மடிந்து மூடிக்கொண்டிருக்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே கறுப்பாகக் கோடு கோடாக ஓடும். மூடிய இலைக்குள் இருப்பதால் மேலே எவ்வளவு தெளித்தாலும் மருந்து போய்ச் சேராது. மடிந்த இலைகளைக் கிள்ளி எடுப்பதே முதல் வைத்தியம்.

செஞ்சிலந்தி: இலை முழுக்க ஊசி குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகள், பிறகு மெல்லிய நூலாம்படை. வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழும் புள்ளிகள் நடந்தால் இதுதான். எட்டுக் கால் கொண்ட சிலந்திக் குடும்பம் என்பதால் பூச்சி மருந்துகள் பல இதன் மேல் வேலை செய்யாது. சில மருந்துகளை அடித்த பிறகு இது இன்னும் அதிகமாகப் பெருகியதும் உண்டு.

வெள்ளை ஈ: செடியை ஆட்டினால் வெள்ளைப் பொடி பறப்பதுபோல எழும்பி, மறுபடி இலையின் அடியில் போய் உட்காரும்.

பார்த்தீர்களா? இதில் மாவுப்பூச்சி, வெள்ளை ஈ இரண்டும் "வெள்ளையா ஏதோ" என்ற ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிடும். குழுவில் கேட்கும்போது "வெள்ளையா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். நகர்கிறதா, பறக்கிறதா, சுரண்டினால் வருகிறதா என்பதையும் சொல்லுங்கள்.

கறுப்பாக இருப்பது என்ன நோய்?

அது தனி நோய் இல்லை. மாவுப்பூச்சி, செதில் பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ எல்லாமே சாறு உறிஞ்சிகள். உறிஞ்சிய சாற்றில் உள்ள சர்க்கரை முழுவதையும் அவற்றால் ஜீரணிக்க முடியாது. மீதியைத் தேன் போன்ற கழிவாக வெளியே விடுகின்றன. அந்தப் பிசுபிசுப்பின் மேல் வளர்வதுதான் கரும்பூசணம். பூச்சி போனால் இதுவும் போகும். ஈரத்துணியால் துடைத்தால் போதும், தனியாகப் பூஞ்சை மருந்து வாங்க வேண்டாம்.

அந்தத் தேனுக்காகத்தான் எறும்பும் வருகிறது. சும்மா குடித்துவிட்டுப் போவதில்லை. மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டி, அதற்குக் காவலும் காக்கிறது. போன்சாய்த் தண்டில் எறும்பு வரிசை மேலும் கீழும் போய் வந்தால், மேலே எங்கோ பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து, அதன் மேல் தொட்டியை வையுங்கள். இலையோ கிளையோ சுவரைத் தொடக் கூடாது. எறும்பின் பாதை அறுந்துவிடும்.

வைத்தியத்தை எங்கே ஆரம்பிப்பது?

கையில் ஆரம்பியுங்கள். ஏக்கர் கணக்கில் மரவள்ளி வைத்திருப்பவரால் ஒவ்வொரு பூச்சியாகத் துடைக்க முடியாது. ஒரே ஒரு தொட்டி வைத்திருக்கும் உங்களால் முடியும். உங்களுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய வசதி இதுதான்.

1. தனியாக வையுங்கள். முதலில் அந்தத் தொட்டியை மற்ற செடிகளிடமிருந்து நகர்த்துங்கள். புதிதாக வாங்கிய செடியையும் இரண்டு, மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் சேருங்கள்.

2. வெட்டுங்கள். மோசமாகத் தாக்கப்பட்ட துளிர், மடிந்த இலை ஆகியவற்றை வெட்டிப் பையில் போட்டுக் கட்டுங்கள். கட்டிய கம்பியின் அடியில் பூச்சி இருந்தால் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

3. துடையுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து, மாவுப்பூச்சியைத் தொட்டு எடுங்கள். அதன் மெழுகுப் பூச்சு கரைந்து பூச்சி சாகும். செதில் பூச்சியைப் பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து எடுக்கலாம்.

4. கழுவுங்கள். அசுவினிக்கும் செஞ்சிலந்திக்கும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவதே பாதி வைத்தியம். தொட்டி மண் கரையாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு, இலையின் அடிப்பக்கமாகப் பீய்ச்சுங்கள்.

5. தெளியுங்கள். மேலே சொன்ன நான்கும் முடிந்த பிறகுதான் ஸ்ப்ரே. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், 1 முதல் 2 மில்லி திரவ சோப்பு. முதலில் எண்ணெயையும் சோப்பையும் குழைத்து, பிறகு தண்ணீரில் கலக்குங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். துணி துவைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம். ஒரு சிறு கிளையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். இலை கருகவில்லை என்றால் முழு மரத்துக்கும் தெளிக்கலாம். வெயில் இறங்கிய பிறகு, மாலையில் மட்டும்.

6. திரும்பச் செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் விடும் தவறு இங்கேதான். மாவுப்பூச்சியின் முட்டைகள் பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஸ்ப்ரே அதற்குள் போகாது. ஐந்தாறு நாளில் குஞ்சுகள் வெளியே வரும். அதனால் வாரம் ஒரு முறை வீதம் குறைந்தது மூன்று முறை தெளிக்க வேண்டும். முதல் தடவையிலேயே "சுத்தமாயிடுச்சு" என்று விட்டால், அடுத்த மாதம் மறுபடி அதே போட்டோவைக் குழுவில் போட வேண்டியிருக்கும்.

மேலே ஒன்றும் இல்லை, ஆனால் மரம் வாடிக்கொண்டே போகிறதா? வேரைப் பாருங்கள். வேரிலும் மாவுப்பூச்சி உண்டு. தொட்டியின் உள்சுவரிலும் வேர்களுக்கு நடுவிலும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். மண்ணை முழுக்கக் கழுவி, வேரைச் சுத்தம் செய்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புது மண்ணில் வையுங்கள். பழைய மண்ணை வேறு செடிக்குப் போடாதீர்கள்.

எதைக் கொல்லக் கூடாது?

இதுவும் அடையாளம் காணும் விஷயம்தான். கிரிப்டோலேமஸ் என்றொரு பொறிவண்டு இருக்கிறது. மாவுப்பூச்சியைத் தின்னும் இது 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் புழுவும் உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு நூல் தொங்க, அச்சு அசலாகப் பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். நல்லது செய்ய வந்ததை எதிரி என்று நினைத்துப் பலர் நசுக்கிவிடுகிறார்கள். வித்தியாசம் இதுதான்: மாவுப்பூச்சி அசைவதே தெரியாது, இது சுறுசுறுப்பாக நடக்கும், நூல்களும் நீளமாக இருக்கும்.

இன்னொன்று. மாவுப்பூச்சிக் கூட்டத்தில் சில மட்டும் பழுப்பாக உப்பி, மேலே வட்டமாக ஓட்டையோடு கிடந்தால் சந்தோஷப்படுங்கள். குளவி வேலையை ஆரம்பித்துவிட்டது. அப்போது ஸ்ப்ரே பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். 2008-க்குப் பிறகு வயல்களில் அடித்த மருந்து பலிக்காததற்கு ஒரு காரணம், அது மெழுகுக்குள் இருந்த பூச்சியை விட்டுவிட்டு, வெளியே திரிந்த இந்த நண்பர்களைக் கொன்றது.

ரசாயன மருந்து வேண்டவே வேண்டாமா?

மரம் முழுக்கப் பரவி, கையால் முடியாத நிலை என்றால் தேவைப்படலாம். ஆனால் டப்பாவை வாங்கும் முன் லேபிளைப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பூச்சிக்கொல்லி டப்பாவிலும் வைர வடிவக் குறி இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நச்சுத்தன்மையைச் சொல்லும்: சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. குழந்தையும் நாயும் உலவும் அபார்ட்மென்ட் பால்கனிக்குச் சிவப்பும் மஞ்சளும் வேண்டாம். மாதுளை, எலுமிச்சை போலக் காய் பறித்துச் சாப்பிடும் போன்சாய் என்றால் இன்னும் கவனம். அளவு, கையுறை, முகக்கவசம் எல்லாம் லேபிளில் எழுதியபடி. "இன்னும் ரெண்டு மில்லி சேர்த்தா சீக்கிரம் போகும்" என்பது போன்சாயில் நடக்காது. கையளவு மண்ணில் நிற்கும் மரத்தின் இலையும் வேரும்தான் கருகும்.

கடைசியாக, ஊருக்குப் போகும்போது

ஏரியூர், பென்னாகரம் பக்கமிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போனவர்கள் நிறைய. லீவுக்கு ஊருக்குப் போகும்போது நகர நர்சரியில் வாங்கிய செம்பருத்தி, குரோட்டன்ஸ், போன்சாய் என்று ஏதாவது ஒரு தொட்டியை அம்மாவுக்குக் கொண்டுபோவோம். திரும்பும்போது தோட்டத்திலிருந்து இரண்டு குச்சியை ஒடித்து எடுத்து வருவோம். மாவுப்பூச்சிக்குப் பஸ் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது நாம்தான். பெண் மாவுப்பூச்சிக்கு இறக்கை கிடையாது. காற்று, எறும்பு, மனிதர் கையில் போகும் செடி, இவைதான் அதன் வாகனம். மரவள்ளியில் அது ஊர் விட்டு ஊர் போவது விதைக் குச்சிகள் வழியாகத்தான்.

அதனால் செடியை வண்டியில் ஏற்றும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். கவட்டையைப் பாருங்கள். வெட்டிய நோய்க் கிளையைக் கொல்லை வேலியோரம் வீசாதீர்கள். ஊரில் பயிரில் சந்தேகமான வெள்ளைப் பூச்சியைப் பார்த்தால், மருந்துக் கடைக்குப் போகும் முன் பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, வட்டார வேளாண் அலுவலகத்துக்கோ ஒரு தெளிவான போட்டோவையும், மூடிய பாட்டிலில் மாதிரியையும் கொண்டுபோங்கள்.

அங்கேயும் அவர்கள் முதலில் கேட்கப்போவது, வாட்ஸ்அப் குழுவில் யாரும் கேட்காத அந்தக் கேள்வியைத்தான்: "அது என்ன பூச்சி?"